ரயில் கேட்டில் நின்ற சிவப்பு வண்டி

கடப்பாக்கம்
20.9.2002

செங்கல்பட்டு லாரி முதலாளி கோதண்டராமன் அவர்களுக்கு,

கடப்பாக்கத்து வேண்டா எழுதுகிறேன். அண்ணா என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. போன் போட்டால் நீ எடுப்பதில்லை. அண்ணி எடுத்து, "அவரு வெளிய போயிருக்காரு வேண்டா" என்கிறாள். பக்கத்தில் நீ இருமுவது எனக்கு நன்றாகவே கேட்கிறது. அதனால்தான் இந்தக் கடிதம்.

உன் டிரைவரிடம் ஒரு பை கொடுத்தனுப்பியிருக்கிறேன். தாய்மாமனுக்கென்று எடுத்து வைத்த வேட்டி துண்டும், கல்யாண லட்டும் அதில் இருக்கின்றன. என் பிள்ளை தீனா கல்யாணத்துக்கு எத்தனையோ பேர் வந்தார்கள். என் வீட்டுக்காரரின் சண்டைக்காரப் பங்காளிகள்கூட வந்து பந்தியில் உட்கார்ந்து பாயசத்தை இரண்டு தரம் கேட்டு வாங்கினார்கள். சாப்பிடாமல் போனது நீ ஒருத்தன்தான். பிள்ளை நெற்றியில் பட்டம் கட்டினாய், தாலி ஏறியதும் அட்சதையைப் போட்டாய், திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணோம். "உங்க அண்ணன் எங்கம்மா, எல போட்டாச்சு" என்று சம்பந்தி கேட்டபோது எனக்கு எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

பெண் ஊரில் மாப்பிள்ளை அழைப்புக்கு உன் சிவப்பு வண்டி வேண்டும் என்று கேட்டது நான்தான், ஒத்துக்கொள்கிறேன். எல்லாரும் வாடகைக்கு ஒரு அம்பாசடரை எடுத்து அதில் பிள்ளையை உட்கார வைக்கிறார்கள். என் பிள்ளை மேற்கூரை இல்லாத வெளிநாட்டு வண்டியில், மாமன் ஓட்ட, ஊர் பார்க்க வரவேண்டும் என்று ஆசைப்பட்டேன். அது ஒரு குற்றமா? ரயில் கேட்டைத் தாண்டி நாலு அடி வைப்பதற்குள் வண்டி புகைந்தால் அதற்கு நான் என்ன செய்வேன்? "டேய், எறங்குடா, என் வண்டி போவுது!" என்று நீ போட்ட சத்தத்தில் மேளக்காரர்களே நிறுத்திவிட்டார்கள். மாலையும் கழுத்துமாக இருந்த பிள்ளையை நடுத்தெருவில் இறக்கிவிட்டாய். மண்டபம் வரைக்கும் அவன் நடந்தே போனான்.

அதைக்கூட மறந்துவிடுவேன். நானும் எங்கள் தெருப் பெண்களும் உட்கார்ந்து, தென்னங்கீற்றைத் தட்டியாகப் பின்னி, அதன் மேல் சாமந்தியும் கோழிக்கொண்டையும் வைத்துத் தைத்து, அந்த வண்டியின் மூக்குக்கு அளவெடுத்த மாதிரி கட்டினோமே, அதைப் பிய்த்து ரோட்டில் எறிந்தாயே. அதை மறக்க முடியவில்லை. விரல்களில் ஊசி குத்திய இடம் இன்னும் ஆறவில்லை.

லட்டைச் சாப்பிடு. வேட்டியைத் திருப்பி அனுப்பினால் உன் லாரி ஒன்றும் இந்தப் பக்கம் போக முடியாது.

வேண்டா

---

செங்கல்பட்டு
29.9.2002

கடப்பாக்கம் வேண்டா அம்மையாருக்கு,

பை வந்தது. வேட்டி நல்ல வேட்டி, ஆகவே திருப்பி அனுப்பவில்லை. லட்டை உன் அண்ணி பிரபாவதி சாப்பிட்டாள். நான் ஒன்றே ஒன்று ருசி பார்த்தேன், அதுவும் அவள் வற்புறுத்தியதால்.

இப்போது என் பக்கத்தைக் கேள். ஆறு லாரி வைத்திருக்கிறேன். ஒரு லாரி நடுவழியில் நின்றாலும் பதறியவன் இல்லை. அந்தச் சிவப்பு வண்டி வேறு. ஊரை விட்டுப் போன ஒரு வெள்ளைக்காரத் துரையிடம் ஆசைப்பட்டு வாங்கியது. அதற்குப் பிறகு நான் சட்டை துணிமணி எடுக்கவில்லை என்று பிரபாவதி எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள், அது உண்மைதான்.

அதே வண்டி வைத்திருக்கும் பத்துப் பதினைந்து பேர் மெட்ராஸில் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லாரும் கடற்கரை ரோட்டில் ஓட்டிக்கொண்டு வந்து மாமல்லபுரத்தில் ஒரு ஓட்டலில் இட்லி சாப்பிடுவோம். அதற்குக் கிளப் என்று பெயர். தீனாவின் கம்பெனித் தோழன் ரோஹித்கூட அவன் அப்பா வண்டியை எடுத்துக்கொண்டு வருவான். அத்தனை பேரும் பேசுவது ஒரே ஒரு பேச்சு, கேஸ்கட். என்ஜினின் மேல் பாதிக்கும் கீழ்ப் பாதிக்கும் நடுவில் கிடக்கும் ஒரு மெல்லிய தகடு அது. இந்த ரக வண்டிக்கு அது திடீரென்று போய்விடும். என்றைக்கு, எங்கே என்று சொல்ல முடியாது. போனால் என்ஜின் தண்ணீரைக் குடித்துவிட்டு வெள்ளையாய்ப் புகை விடும். கண் டாக்டர் ஒருத்தர் இருக்கிறார், அவருக்கு நெம்மேலி பக்கத்தில் போய்விட்டது. மீன் ஏற்றிக்கொண்டு போன வேனில் தொற்றிக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தார். இப்போதெல்லாம் வண்டியை எடுக்கும்முன் என்ஜினில் ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்க்கிறார். இன்னொருத்தர் ராகுகாலத்தில் சாவியே தொடமாட்டார். எல்லாருக்கும் பயம். கோடிக்கணக்கில் வைத்திருப்பவர்கள், வேகமாகப் போக வண்டி வாங்கிவிட்டு நாற்பதில் ஓட்டுகிறார்கள்.

கேஸ்கட் போகாத வண்டி ஒன்றே ஒன்று. அது என் வண்டி. "அண்ணாத்த வண்டி மட்டும் இன்னா சார், இரும்பா கீது?" என்று கேட்பார்கள். நான் இன்னும் கொஞ்சம் சட்னி ஊற்றிக்கொள்வேன். வாரத்தில் அந்த ஒரு நிமிஷம் எனக்கு எவ்வளவு இஷ்டம் என்று உனக்குத் தெரியாது.

அப்படிப்பட்ட வண்டியை நீ நாதஸ்வரத்துக்குப் பின்னால் நடக்க விட்டாய். மூலைக்கு மூலை நின்று ஒரு பாட்டு. ரயில் கேட்டில் கேட்டைப் போட்டுவிட்டான், ஒரு கூட்ஸ் போய் ஒரு பாசஞ்சர் போகிற வரைக்கும் நின்றோம். என்ஜினை நிறுத்துகிறேன் என்றதற்கு, "நடுவுல நிறுத்தாதண்ணா, நல்லதில்ல" என்றாய். ஞாபகம் இருக்கிறதா? புகை வந்ததும் தீப்பிடிக்கும் என்று நினைத்துத்தான் பிள்ளையை இறங்கச் சொன்னேன். நீ என்னவோ அவனை நான் தள்ளிவிட்ட மாதிரி எழுதுகிறாய். மறுநாள் சாப்பிடாமல் போனது வண்டியை இழுத்துப் போக ஆள் வந்துவிட்டான் என்பதால். அதோடு எல்லார் முன்னாலும், "ஒனக்கு மருமகன வுட வண்டி பெருசா?" என்று நீ கேட்ட பிறகு என் தொண்டையில் எது இறங்கும்?

பொங்கல் சீரை இந்த வருஷம் டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன். கரும்பு, பானை, சேலை எல்லாம் குறைவில்லாமல் வரும். நான் வரமாட்டேன்.

கோதண்டராமன்

---

கடப்பாக்கம்
19.10.2002

அண்ணா,

கோபம் போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. வேறு விஷயம் வந்துவிட்டது, அதனால் கோபத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு எழுதுகிறேன்.

மறைமலை நகரில் வீடு பார்த்து முடிகிற வரைக்கும் மருமகள் ஹரிப்ரியா இங்கே என்னோடு இருக்கிறாள். தீனா சனிக்கிழமைதோறும் வருகிறான். தங்கமான பெண். காலையில் எழுந்து வாசல் தெளித்துக் கோலம் போடுகிறாள், என்னை "அத்தே, நீங்க உக்காருங்க" என்கிறாள், மீனைப் பார்த்து முகம் சுளித்தவள் இப்போது அவளே கழுவுகிறாள். ஆனால் பக்கத்து வீட்டில் என் நாத்தனார் காசியம்மாள் இருக்கிறாளே, உனக்குத்தான் தெரியுமே. ஆயுத பூஜையன்று பொரி வாங்க வந்தவள் அந்தப் பெண் காதுபடவே சொன்னாள். "எத்தினி வருசமா ஓடுன வண்டி, இவள கட்ட வந்த அன்னிக்கின்னு பாத்து எரிஞ்சிப் போச்சே. இவ கால் எடுத்து வெக்கறதுக்கு முன்னியே இப்பிடி. இன்னும் இன்னான்ன கீதோ."

அன்றைக்கு ஹரிப்ரியா அவளுக்குப் பொரியைக் கட்டிக் கொடுத்து அனுப்பினாள். மறுநாளிலிருந்து தலையில் பூ வைத்துக்கொள்வதில்லை. கேட்டால் தலைவலி என்கிறாள். தீனாவிடமும் சொல்லவில்லை, சொன்னால் அவன் அத்தையிடம் சண்டைக்குப் போவான் என்று பயப்படுகிறாள். இப்போது தெருவில் வேறு இரண்டு மூன்று பேர் இதையே பேசுகிறார்கள். அடுத்த வாரம் என் வீட்டுக்காரரின் சைக்கிள் பஞ்சரானாலும் அந்தப் பெண் தலையில்தான் விடியும்.

அண்ணா, என்னைத் திட்டு, என்ன வேண்டுமானாலும் சொல். எனக்கு ஒரே ஒரு காரணம் சொல்லிவிடு. அந்த என்ஜினுக்கு உண்மையில் என்ன ஆயிற்று? பிரித்துப் பார்த்தார்களா? காசியம்மாள் முகத்துக்கு நேரே சொல்ல எனக்கு ஒரு காரணம் வேண்டும்.

வேண்டா

---

செங்கல்பட்டு
10.11.2002

அன்புத் தங்கை வேண்டாவுக்கு,

உன் கடிதம் வந்ததும் நானே திருவான்மியூர் போய், மெக்கானிக் பார்த்தசாரதி என்ஜினைப் பிரிக்கும்போது பக்கத்தில் நின்று பார்த்தேன். ரேடியேட்டரை என் கையாலேயே கழற்றிக் கழுவினேன். அதனால்தான் பதில் எழுதத் தாமதம். தீபாவளிக்குப் பட்டாசு வாங்கக்கூட நான் போகவில்லை.

காரணம் தெரிந்துவிட்டது. கேஸ்கட் போய்விட்டது. நான் சொன்னேனே, இந்த ரக வண்டிக்கெல்லாம் வருவது, அதேதான். கம்பெனிக் கோளாறு. பிறவியிலேயே உள்ளது. அன்றைக்குப் போகாவிட்டால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை போயிருக்கும். உலகத்தில் இந்த வண்டி வைத்திருக்கிற எல்லாருக்கும் இதே கதைதான் என்று காசியம்மாளிடம் சொல். ஹரிப்ரியாவுக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. உன் பூவுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. சாமந்தியோ கோழிக்கொண்டையோ தென்னங்கீற்றோ காற்றை அடைக்கிற பொருளே அல்ல. பூ என்பது மங்கலமானது. அருமையாகக் கட்டியிருந்தாய். அவசரத்தில் பிய்த்துவிட்டேன், அது என் தப்பு.

ரயில் கேட்டையும் மேளத்தையும் பற்றி நான் எழுதியதையெல்லாம் மறந்துவிடு. நீ வண்டி கேட்டதில் ஒரு தவறும் இல்லை. கேட்காமல் இருந்திருந்தால்தான் நான் வருத்தப்பட்டிருப்பேன். விரல் ஆறிவிட்டதா? தேங்காயெண்ணெய் தடவு.

அந்தப் பெண்ணைப் பூ வைத்துக்கொள்ளச் சொல்.

உன் அண்ணன்
கோதண்டராமன்

---

கடப்பாக்கம்
28.11.2002

அண்ணா,

உன் கடிதத்தை நான் படித்தேன், என் வீட்டுக்காரர் படித்தார். அவர் கேட்டார்: "ஒங்க அண்ணனுக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையா?" எனக்கும் அதே சந்தேகம்தான். நம் அப்பா தோப்பைப் பிரித்தபோது வரப்பு கோணலானதற்குச் சூரியன் மீது பழி போட்டவன் நீ. நீ "என் தப்பு" என்று எழுதியிருக்கிறாய், தேங்காயெண்ணெய் தடவச் சொல்லியிருக்கிறாய். உண்மையைச் சொல், டாக்டரிடம் போனாயா?

நீ சொன்னபடியே காசியம்மாளிடம் சொன்னேன். கம்பெனிக் கோளாறு, எல்லா வண்டிக்கும் வருவது என்று. அவள் கேட்கிறாள்: "அப்ப இத்தினி நாளு இன்னாத்துக்கு வரல? இவ வந்ததும் வந்துச்சா?" நீயே இத்தனை நாளும் என் வண்டி ஒன்றுதான் போகாத வண்டி என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாய். கல்யாணத்துக்கு வந்தபோது அவளிடமே சொல்லியிருக்கிறாய். ஆகவே உன் காரணம் இங்கே விலை போகவில்லை. ஹரிப்ரியா இன்னும் பூ வைக்கவில்லை.

இன்னொன்று. பூவைப் பற்றி நான் உன்னிடம் எதுவுமே கேட்கவில்லையே. பிய்த்துவிட்டாய் என்று அழுதேன், அவ்வளவுதான். காற்றை அடைக்காது என்று நீ எதற்காக எழுதினாய்? காற்று அடைபட்டது என்று யார் சொன்னார்கள்?

வேண்டா

---

செங்கல்பட்டு
5.12.2002

வேண்டா,

யாரும் சொல்லவில்லை. சும்மா எழுதினேன். மனிதன் ஒரு கடிதம் எழுதினால் நாலு வார்த்தை கூடக் குறைய வரும்.

கேஸ்கட்தான். கேள்வி கேட்காதே. மழை இங்கே நிற்காமல் பெய்கிறது, கொளவாய் ஏரி நிரம்பிவிட்டது. பிரபாவதிக்குக் கால் வலி. நான் நன்றாக இருக்கிறேன்.

கோதண்டராமன்

---

கடப்பாக்கம்
3.1.2003

என் அண்ணாவுக்கு,

உனக்குப் பொய் சொல்ல வராது. சின்ன வயதில் மாங்காய் திருடிவிட்டு, யாரும் கேட்பதற்கு முன்பே "நான் மாந்தோப்புப் பக்கமே போவல" என்று வீட்டுக்குள் வருவாயே, இப்போதும் அப்படியேதான் இருக்கிறாய்.

போன சனிக்கிழமை தீனா கல்யாண ஆல்பம் கொண்டு வந்தான். நாங்கள் மூன்று பேரும் பார்த்தோம். ஒரு போட்டோ, உன் வண்டியை முன்னாலிருந்து எடுத்தது. என் தட்டி எவ்வளவு அழகு! மூக்கு முழுவதும் மஞ்சளும் சிவப்புமாய், ஒரு விரல் நுழைய இடம் இல்லாமல். நான் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். தீனா மட்டும் அந்தப் போட்டோவைக் கையில் எடுத்து, திருப்பிப் பார்த்து, மறுபடி பார்த்து, கீழே வைத்தான்.

"இன்னாடா பாக்கற?" என்றேன்.

"ஒண்ணுமில்லம்மா."

"மாமா வண்டிக்குக் காத்து எந்தப் பக்கமா போவும்?"

"முன்னாடிதாம்மா" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு சோற்றைப் பிசைந்தான்.

பால் பாத்திரத்தை மூடி வைத்தால் என்ன ஆகும் என்று தெரியாதவளா நான்? அத்தனை நேரம் அந்த என்ஜின் மூச்சு விட முடியாமல் நின்றிருக்கிறது. பூ பிய்ந்துவிட்டதே என்று நான் இத்தனை மாதமாய் உன்னைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

அதோடு விட்டிருந்தால்கூட எனக்கு இவ்வளவு அழுகை வந்திருக்காது. தீனா அப்புறம்தான் இன்னொன்று சொன்னான். ரோஹித் சொன்னானாம். மாமல்லபுரத்தில் உங்கள் கிளப்பில் நீ எழுந்து நின்று, "என் வண்டியும் உங்க வண்டி மாதிரிதாம்பா, கேஸ்கட் பூட்ச்சி, ஒண்ணும் ஒசத்தி இல்ல" என்று எல்லார் முன்னாலும் சொன்னாயாமே. அவர்கள் கைதட்டி, "வாங்க அண்ணாத்த, நம்ம ஜாதிக்கு வந்துட்டீங்க" என்று உனக்குக் காபி வாங்கிக் கொடுத்தார்களாமே. தீனாவும் ரோஹித்தும் ஒரே இடத்தில் வேலை செய்கிறார்கள், உண்மை அந்த வழியாக என் காதுக்கு வந்துவிடும் என்றுதானே அங்கேயும் போய்ச் சொன்னாய்?

அண்ணா, நீ உன் பிள்ளையைக் குறை சொன்னாலும் சொல்வாய், அந்த வண்டியைச் சொல்லமாட்டாய். வாரத்தில் அந்த ஒரு நிமிஷம் உனக்கு எவ்வளவு இஷ்டம் என்று நீயே எனக்கு எழுதினாய். அந்த நிமிஷத்தை எனக்காகக் கொடுத்துவிட்டு, மழை பெய்கிறது, ஏரி நிரம்பிவிட்டது என்று எழுதுகிறாய். நான் அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். ஹரிப்ரியா வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

மறுநாள் காலை பெருமாள் கோயிலில் மார்கழிப் பொங்கல் கொடுத்தார்கள். தெருவே அங்கேதான் இருந்தது. காசியம்மாளும் வந்தாள், வழக்கம்போல் ஆரம்பித்தாள். நான் தொன்னையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன்:

"அண்ணி, அந்தப் பொண்ண வுடுங்க. வண்டிய நிறுத்தனது நான். மூஞ்ச மூடிக் கட்டிப்புட்டேன், மூச்சு முட்டிப் பூட்ச்சி."

அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள். காசியம்மாள்தான் ரொம்பச் சத்தமாகச் சிரித்தாள். "அறிவு கீதாடி ஒனக்கு? வண்டி மூஞ்சில போயி யாராவது கீத்தக் கட்டுவாங்களா?"

"கீத்து ஒங்க தோப்புக் கீத்துதான அண்ணி. நீங்கதான வெட்டிக் கொடுத்தீங்க, அடர்த்தியா கீது, நல்லா மூடும்னு?"

அவள் பொங்கலைத் தின்ன ஆரம்பித்துவிட்டாள். அதற்குப் பிறகு என்ஜினைப் பற்றி இந்தத் தெருவில் பேச்சே இல்லை. இப்போது என்னைப் பார்த்தால் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக் காட்டுகிறார்கள், அவ்வளவுதான். "நீங்க சொல்லாம இருந்திருக்கலாம் அத்தே, எல்லாரும் சிரிக்கிறாங்களே" என்று ஹரிப்ரியா கேட்டாள். சிரித்துவிட்டுப் போகட்டும், எனக்கொன்றும் தேய்ந்துவிடாது என்றேன். அன்று சாயந்திரம் பூக்காரி வந்தபோது அவளே வாசலுக்குப் போய் இரண்டு முழம் கதம்பம் வாங்கினாள். ஒரு முழம் அவளுக்கு, ஒரு முழம் எனக்கு.

உங்கள் கிளப்புக்கும் ஒரு கடிதம் எழுதி, ரோஹித் கையில் சேர்க்கச் சொல்லித் தீனாவிடம் கொடுத்திருக்கிறேன். நீ கோபப்பட்டாலும் பரவாயில்லை. உன் வண்டியைப் பற்றி நீ சொன்ன பொய் என் பேரில் இருக்கக் கூடாது.

பொங்கல் சீரை டிரைவர் கொண்டு வந்தால் நான் வாங்கமாட்டேன்.

உன் தங்கை
வேண்டா

---

செங்கல்பட்டு
12.1.2003, ஞாயிறு

வேண்டா,

இப்போதுதான் மாமல்லபுரத்திலிருந்து வந்தேன். சட்டையைக்கூடக் கழற்றவில்லை. நாளைக் காலை லாரி உன் பக்கம் வருகிறது, இதை டிரைவரிடம் கொடுக்க வேண்டும்.

உன் கடிதத்தைக் கண் டாக்டர் வாசித்தார். நான் பிடுங்கப் பார்த்தேன், விடவில்லை. "என் அண்ணன் வண்டி என்ஜினில் ஒரு குறையும் இல்லை. அவர் தங்கைக்காக அதைக் குறை சொன்னார். பூ கட்டியது நான். நீங்கள் கொடுத்த காபியை அவரிடமிருந்து திரும்ப வாங்கிக்கொள்ளலாம்." இப்படியா எழுதுவது? அத்தனை பெரிய மனிதர்கள் மத்தியில்? யாரும் சிரிக்கவில்லை. ராகுகாலத்துக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். டாக்டர் கடிதத்தை மடித்து என் பையில் வைத்துவிட்டு, "ஒங்க வண்டிய வுடுங்க சார், இப்பிடி ஒரு தங்கச்சி எங்க கெடைக்கும்?" என்றார். நான் இட்லித் தட்டைத் தள்ளி வைத்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, எல்லாரும் பார்த்தார்கள், பார்க்கட்டும்.

ஆனால் நீ சொன்னதிலும் பாதிதான் உண்மை. மீதியைக் கேட்டுக்கொள். ரேடியேட்டரைக் கழுவியபோது சாமந்தி இதழெல்லாம் வெந்து ஒட்டிக்கொண்டிருந்தது வாஸ்தவம். அது உன்னுடையது. ஆனால் சூடு ஏறுவதைக் காட்டுகிற முள் ஒன்று ஓட்டுகிறவன் கண்ணுக்கு நேரே இருக்கிறது. அதைப் பார்த்திருந்தால் ரயில் கேட்டிலேயே நிறுத்தியிருப்பேன். அன்றைக்குப் புறப்படும்போது, வழி நன்றாக இருக்க வேண்டும் என்று பெருமாள் படம் ஒன்றை எடுத்துச் சரியாக அந்த முள்ளுக்கு முன்னால் சாய்த்து வைத்தது நான். மாலை போட்டு வைத்தேன். வழியெல்லாம் கும்பிட்டுக்கொண்டே ஓட்டினேன். இதை இன்றைக்குக் கிளப்பிலும் சொல்லிவிட்டேன். அதற்குத்தான் எல்லாரும் சிரித்தார்கள். டாக்டருக்குப் புரையேறிவிட்டது. ஆகவே நீ கட்டினாய், நான் மறைத்தேன். ஒரு வயிற்றில் பிறந்தவர்கள் என்பதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம்.

வண்டி ஓடுகிறது. புதுக் கேஸ்கட் போட்டாயிற்று. முன்பெல்லாம் இந்த என்ஜின் நிற்கவே நிற்காது என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். இப்போது தெரியவில்லை, மற்றவர்கள் மாதிரி நானும் காதைத் தீட்டிக்கொண்டுதான் ஓட்டுகிறேன். இருந்தாலும் சீரை அதில்தான் கொண்டு வரப்போகிறேன். கரும்பு உள்ளே அடங்காது, மேற்கூரையை மடக்கிவிட்டு நிற்க வைத்துக் கட்டுகிறேன். பானையும் மஞ்சள் கொத்தும் பக்கத்து சீட்டில். பிரபாவதிக்கு இடம் இல்லை, அவள் பின்னால் லாரியில் வருகிறாள். வண்டி நின்றால் கயிறு கட்டி இழுத்துவர அவளுக்கு ரொம்ப ஆசை, கயிறுகூட எடுத்து வைத்துவிட்டாள். திருக்கழுக்குன்றம், கல்பாக்கம் வழியாக வருகிறேன். நடுவில் நின்றுவிட்டால் கரும்பைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்து வந்துவிடுவேன், தீனா நடக்கவில்லையா?

வந்ததும் ஹரிப்ரியாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக் காசியம்மாள் வீட்டு வாசல் வழியாக ஒரு சுற்று போகிறேன். காசியம்மாளை வெளியே வந்து நிற்கச் சொல். பூ வேண்டுமென்றால் ஒரு முழம் கொடு, கண்ணாடியில் கட்டிக்கொள்கிறேன். முன்பக்கம் நீ வராதே.

வாழையிலையை இப்போதே வெட்டி வை. கல்யாணத்தில் விட்ட இலையையும் சேர்த்துப் போடு. சாப்பிட்டு முடிக்காமல் எழுந்திருக்கமாட்டேன்.

அண்ணன்